கர்க்கடகம் வருவதற்குள் கீசர் காயிலைப் பார்த்துவிடு

தங்கச்சி, கேஸ் கீசரில் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது, தீயை முழுக்கத் திருப்பிவைத்தும் பிரயோஜனமில்லை, மாப்பிள்ளை புதுசு வாங்கிவிடலாம் என்கிறார் என்று சொன்னாயே, கொஞ்சம் பொறு. கடைக்குப் போவதற்கு முன்னால் அந்தக் கீசரின் முன்மூடியைக் கழற்றி உள்ளே மேல்பாகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு செம்புப் பெட்டி இருக்கும். மெக்கானிக்குகள் அதைக் காயில் என்பார்கள். கையேட்டில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று போட்டிருக்கும். கீழே பர்னர், அதற்கு மேலே செம்புச் சுவர், உச்சியில் சீப்புப் பல் போல நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தகடுகள். அந்தத் தகடுகளைத் துளைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய் வளைந்து வளைந்து ஓடுகிறது. தீயின் சூட்டைத் தகடு வாங்கிக் குழாய்க்குக் கொடுக்கிறது, குழாய் தண்ணீருக்குக் கொடுக்கிறது.

தகடுகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதை யாரும் நினைப்பதில்லை. எரிந்த புகை வெளியே போக வேறு வழி கிடையாது, இந்தத் தகடுகளின் இடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். இடுக்கு அடைத்தால் புகை தேங்கும், பர்னருக்குப் புதுக் காற்று ஏறாது, அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். ஆகவே காயிலைச் சுத்தமாக வைப்பதை நான் வெந்நீர்க் கணக்கில் சேர்ப்பதில்லை. மூச்சுக் கணக்கில்தான் சேர்க்கிறேன். இதை மனசில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளு.

நம்ம கொச்சி மட்டாஞ்சேரியில் காயிலுக்கு ஆயுள் கம்மி. செம்பு தானாகக் கெட்டுப்போகிற சாமான் இல்லை. ஜூத்தெருவில் பரதேசி ஜெப ஆலயத்தில் இருக்கும் செப்பேட்டை எடுத்துக்கொள். பாஸ்கர ரவி வர்மன் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்தது, வட்டெழுத்தில் வெட்டியது, ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துப் பழசு. இன்னும் படிக்கும்படி இருக்கிறது. ஆனால் அந்தச் செப்பேட்டை யாரும் தினம் விடிகாலையில் தீயில் காட்டி, உள்ளே கிணற்றுத் தண்ணீரை ஓட்டி, மிச்ச நேரம் காயல் காற்றில் தொங்கவிடவில்லை. உன் கீசருக்கு அதுதான் தினசரிக் கதி.

வெளிப்பக்கம் நடப்பது இது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரைக் கிலோ நீராவி வரும். கீசரைப் போட்ட முதல் நிமிஷத்தில் தகடு சில்லென்று இருக்கும், ஆவி அதில் வியர்த்துப் படியும். ஏற்கெனவே காற்றில் வந்த உப்புத்தூசி தகட்டில் உட்கார்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்து பச்சைக் களிம்பு ஏறும். களிம்பும் கரியும் தூசியும் கலந்தால் இடுக்கு தூர்ந்துவிடும். பெரும்பாவூர்ப் பக்கம் இருக்கும் நம் சித்தி வீட்டுக் கீசரோடு உன் கீசரை ஒப்பிடாதே. அங்கே கடல் காற்று இல்லை.

உள்பக்கம் நடப்பது தண்ணீரைப் பொறுத்தது. நம்ம பக்கத்துக் குழாய்த் தண்ணீர் மூவாற்றுப்புழை ஆற்றில் பாழூரில் எடுத்து, மரடில் சுத்தம் செய்து வருவது. ஆற்றுத் தண்ணீர் மென்மையானது, சுண்ணாம்பு அதிகம் கிடையாது. அது மட்டும் ஓடினால் காயிலுக்குள் படிவு சீக்கிரம் சேராது. ஆனால் குழாய் வறண்ட நாளில் நாம் என்ன செய்கிறோம்? 2023 தொடக்கத்தில் பாழூர் மோட்டார்கள் பழுதாகி மேற்குக் கொச்சி முழுக்கத் தவித்ததே, அப்போது லாரித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், போர்வெல் தண்ணீர் என்று கிடைத்ததெல்லாம் மேல்தொட்டிக்கு ஏறியது. கடலோரத்து நிலத்தடி நீரில் உப்பும் இரும்பும் இருக்கும், பல இடத்தில் சுண்ணாம்பும் இருக்கும். கரைந்திருக்கும் சுண்ணாம்பு சூடு பட்டதும் கல்லாக மாறிக் குழாயின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். செம்பு சூட்டைக் கடத்துவதில் நூறில் ஒரு பங்குகூட இந்தக் கல் கடத்தாது. மெல்லிய ஏடு படிந்தாலே வித்தியாசம் தெரியும்.

சோப்பைக் கரைத்துப் பார். நுரை வராமல் திரிதிரியாகப் போனால் அந்தத் தண்ணீரைக் கீசருக்குள் விடாதே. அதற்காகவே என் வீட்டில் கீசருக்குப் போகும் குழாயில் தனி வால்வு போட்டிருக்கிறேன். கிணற்று மோட்டார் ஓடுகிற வாரம் வால்வு மூடியே இருக்கும், வெந்நீர் அடுப்பில்தான். மாமியார் முணுமுணுப்பார், பரவாயில்லை.

எங்கே கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பச்சைத் தண்ணீர்க் குழாயில் வேகமாக வந்து, வெந்நீர்க் குழாயில் மட்டும் நூலாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கீசருக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன சல்லடை. நட்டைக் கழற்றினால் விரல்நுனி அளவுக்கு வலை வரும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டு. பல பேருக்கு வியாதி இதோடு தீர்ந்துவிடும். சல்லடை சுத்தமாக இருந்தும் நூலாகத்தான் வருகிறது, கீசர் ஓடும்போது கெட்டில் கொதிப்பது மாதிரி உள்ளே சலசலப்புக் கேட்கிறது என்றால் குழாய்க்குள் படிவு. தண்ணீர் தாராளமாக வருகிறது, சூடு மட்டும் இல்லை என்றால் தகட்டில் கரி, அல்லது பர்னரில் தூசி. கண்ணாடித் துவாரத்தில் தெரியும் தீ நீலமாக நிற்க வேண்டும். மஞ்சளாக ஆடினால், அல்லது முன்மூடியின் மேல்விளிம்பில் கறுப்பாகப் புகைக்கோடு தெரிந்தால், அன்றைக்கே நிறுத்து. தீ துவாரத்தை நோக்கி வெளியே நாக்கு நீட்டினால் யோசிக்கவே வேண்டாம். சுத்தம் செய்யும்வரை ஒரு வாளிகூட எடுக்காதே.

பிளாஸ்டிக் வாளியின் அடியில், குழாய்க்குக் கீழே தரையில், நீலமும் பச்சையுமாகக் கறை விழுகிறதா என்றும் பார். விழுந்தால் செம்பு கரைந்து வருகிறது என்று அர்த்தம். எங்கோ ஓர் இடத்தில் பொத்தல் விழத் தயாராகிக்கொண்டிருக்கும். கீசர் வெந்நீரைக் குடிக்கவோ, சோறு வடிக்கவோ, குழந்தைக்குப் பால் கலக்கவோ எடுக்காதே. நல்ல காயில் என்றாலும் நான் எடுப்பதில்லை. சில காயில்களில் ஈயம் கலந்த பூச்சு இருக்கும், அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கீசருக்கென்று தனி சிலிண்டர் வைத்திருந்தால் இன்னொரு சோதனை உண்டு. 15 லிட்டர் வாளித் தண்ணீரை நம்ம ஊர்ச் சூட்டிலிருந்து குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர, நல்ல கீசருக்குச் சுமார் 25 கிராம் கேஸ் போதும். 14.2 கிலோ சிலிண்டரில் 500 வாளிக்கு மேல் வர வேண்டும். நாலு பேர், ஆளுக்கு ஒரு வாளி என்றால் நாலு மாதம். மூன்று மாதம் முடிவதற்குள் சிலிண்டர் காலியாகிறதென்றால் காயில் உன் காசைத் தின்கிறது, இல்லாவிட்டால் எங்கோ கசிகிறது. கசிவை முதலில் பார்.

இனி படிவு எடுக்கும் வேலை. இதை நீயே செய்யலாம், வாரண்டி காலம் முடிந்திருந்தால். முடியாவிட்டால் கம்பெனி ஆளைத்தான் கூப்பிட வேண்டும், நீ கை வைத்தால் வாரண்டி போய்விடும்.

சிலிண்டர் ரெகுலேட்டரை மூடு, கீசரின் கேஸ் வால்வை மூடு, பேட்டரி இரண்டையும் கழற்று. மூன்றையும் செய், ஒன்று போதும் என்று விடாதே. தண்ணீர் ஓட ஆரம்பித்தாலே பற்றிக்கொள்ளும்படி செய்யப்பட்ட சாதனம் இது. மசாலாக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கிற சிட்ரிக் ஆசிட் 250 கிராம் வாங்கு. 5 லிட்டர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரை. ஏர் கூலரில் போடும் சின்ன மோட்டார் ஒன்று, இரண்டு துண்டு ஹோஸ் வேண்டும். கீசரின் இரண்டு தண்ணீர் இணைப்பையும் கழற்றி, மோட்டாரிலிருந்து வருவதை உள்ளே போகும் வாயில் மாட்டு, வெளியே வருவதைத் திரும்ப வாளிக்கே விடு. அந்த மோட்டாருக்கு உயரத் தள்ளும் பலம் கிடையாது, வாளியை முக்காலிமேல் வை. தண்ணீரில் கை வைப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், இதை உன் பையனுக்கும் சொல்லிவை.

ஓடவிட்டதும் திரும்பி வரும் தண்ணீரில் குமிழ் கிளம்பும். சுண்ணாம்பு கரைகிறது. இரும்புப் படிவு இருந்தால் பழுப்பாக வரும். குமிழ் நின்றால் வேலை முடிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதே, ராத்திரி முழுக்க ஊறப்போடுவது கூடவே கூடாது. தண்ணீர் அழுத்தமான நீலமாக மாறினால் கல் தீர்ந்து செம்பையே தின்ன ஆரம்பித்துவிட்டது, உடனே நிறுத்து. பிறகு நல்ல தண்ணீர் பத்து நிமிஷம், அதில் இரண்டு ஸ்பூன் ஆப்பச் சோடா போட்டு ஒரு சுற்று, மறுபடி நல்ல தண்ணீர். மோட்டார் கிடைக்கவில்லையா, வெளிவாயில் ஹோஸை மாட்டி மேலே தூக்கிப் பிடித்து, புனல் வைத்து எலுமிச்சை உப்புத் தண்ணீரை ஊற்றி அரை மணி நேரம் விட்டு வடித்துவிடு. இரண்டு தடவை செய். வேகம் கம்மி, பலன் உண்டு.

பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை ஊற்றிப் பத்து நிமிஷத்தில் முடித்துத் தருகிறேன் என்று ஒரு ஆள் வருவார். வாசலிலேயே நிறுத்து. அது பித்தளை இணைப்பையும் பற்றவைத்த இடத்தையும் சேர்த்து அரிக்கும். வினிகர் வேலை செய்யும், ஆனால் மெதுவாக. அதை விந்தாலுவுக்கே வைத்துக்கொள்.

வெளிப்பக்கத் தகடுகளைச் சுத்தம் செய்ய காயிலைக் கழற்ற வேண்டும். இதை மெக்கானிக்கை வைத்துச் செய், பக்கத்தில் நின்று பார். பெயிண்ட் பிரஷ் மாதிரி மென்மையான பிரஷ்ஷால் கரியை உதிர்த்து, பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் முழுக்கக் காயவைத்துத்தான் மாட்ட வேண்டும். கம்பி பிரஷ் வேண்டாம். தகடு காகித கனம்தான், ஒரு இழுப்பில் வளைந்து இடுக்கு மூடிவிடும். வளைந்ததைத் தட்டையான மெல்லிய கத்தி முனையால் பொறுமையாக நிமிர்த்தலாம். பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்கிற மாதிரி புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கலாமே என்று கை அரிக்கும். பளபளவென்று ஆகும், உண்மை. ஆனால் இடுக்கில் தங்குகிற உப்பைக் கழுவி எடுக்க முடியாது, அடுத்த மழையில் அங்கேயே களிம்பு பிடிக்கும். காயில் வெளியே இருக்கும்போதே பர்னரின் துளைகளையும் ஊதி எடுக்கச் சொல். பூச்சியும் ஒட்டடையும் அங்கே குடியிருக்கும். திரும்ப மாட்டும்போது ரப்பர் வாஷர்களைப் புதிதாகப் போடச் சொல், பழசையே போட்டால் ஒரு வாரத்தில் சொட்டும்.

பொத்தல் விழுந்தால்? பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, நடுவில் ஊசிமுனை அளவு ஈரம் தெரியும். எபாக்சி பசை அடைத்து வைப்பார்கள், தீ படும் இடத்தில் அது நிற்காது. ஈயப்பற்றும் அப்படித்தான். 190 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடும், தண்ணீர் ஒரு நிமிஷம் நின்றால் காயிலின் சூடு அதைத் தாண்டும். தோப்பும்படிப் பக்கம் ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் செம்புக் குழாய் பற்றவைக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் பயன்படுத்தும் செம்புக் கம்பி 700 டிகிரிக்கு மேல் உருகுவது, அந்தப் பற்று பிடிக்கும். பொத்தல் தகடுகளுக்கு வெளியே, வளைவில் இருந்தால் அவர்களிடம் கொடு. தகடுகளுக்கு நடுவில் இருந்தால் கொடுக்காதே. அங்கே எட்டுகிற அளவுக்குத் தீயைக் காட்டினால் பூச்சு எரிந்து, பக்கத்துப் பற்றெல்லாம் இளகும். ஒன்றை அடைக்க நாலு திறக்கும். புதுக் காயில் விலையைக் கேள், அது புதுக் கீசர் விலையில் பாதியைத் தாண்டினால் மாப்பிள்ளை சொல்வதுதான் சரி. வாங்கும்போது ஐஎஸ் 15558 என்று பொறித்திருக்கிறதா என்று பார்.

ஒரு தடவை அடைத்த காயிலில் மறுபடி ஓட்டை விழுந்தால் மூன்றாவது தடவைக்குக் காசு கொடுக்காதே. உப்புத் தண்ணீர் ஓடிய குழாய் ஓர் இடத்தில் மட்டும் மெலிவதில்லை.

தண்ணீர் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். ஓட்டு வீடுகளில் தொட்டி ஆள் உயர ஸ்டாண்டின்மேல்தான் நிற்கும். தொட்டிக்கும் கீசருக்கும் நடுவே ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார்தான் அழுத்தம் கிடைக்கும். கீசருக்கு எவ்வளவு வேண்டும் என்று அதன் விவரத் தகட்டிலேயே எழுதியிருக்கும். போதாமல் தண்ணீர் சொட்டுச்சொட்டாக நகர்ந்தால், காயிலுக்குள் அது அளவுக்கு மீறிச் சூடாகும், படிவும் கூடும். தீயைக் குறைத்துவை, அல்லது தொட்டியை உயர்த்து.

கீசரை எங்கே மாட்டுவது என்பதைப் பற்றிக் கோபமாகவே சொல்கிறேன். குளியலறைக்குள் மாட்டாதே. கூவப்பாடத்திலும் பாண்டிக்குடியிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்தான் நிறைய. குளியலறைக்குத் தலைக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல், அதையும் கொசுவுக்குப் பயந்து அடைத்துவைப்போம். கணக்குப் போட்டுப் பார். ஐந்துக்கு ஏழு அடி அறை, ஒன்பதடி உயரம், மொத்தம் ஒன்பது கனமீட்டர் காற்று. நிமிஷத்துக்கு 6 லிட்டர் தரும் கீசர் மணிக்கு ஒரு கிலோ கேஸ் எரிக்கும், அதற்குப் பதிமூன்று கனமீட்டர் காற்று வேண்டும். கால் மணி நேரத்தில் அந்த அறைக் காற்றில் மூன்றில் ஒரு பங்கைத் தீ தின்றுவிடும், மிச்சத்தில் தன் புகையைக் கலக்கும். அதோடு காயிலும் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. நாம் முகர்கிற கேஸ் வாசனை, கசிவு தெரிவதற்காகக் கம்பெனிக்காரர்கள் சேர்ப்பது, எரிந்த புகையில் அது இருக்காது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வருகிற மாதிரி. எண்ணெய் தேய்த்துக் குளித்த அலுப்பு என்று நினைத்துவிடுவோம்.

பின்பக்கத்து வொர்க் ஏரியாவில், சாரல் படாத சுவரில் மாட்டு. குழாய் நீளும், சூடு வரக் கொஞ்சம் தாமதமாகும், ஆகட்டும். ஏற்கெனவே உள்ளே மாட்டியாகிவிட்டது, வாடகை வீடு, மாற்ற முடியாது என்றால், கதவைத் திறந்துவைத்து வாளி நிரப்பு, கீசரை நிறுத்து, அப்புறம் உள்ளே போய்க் குளி. பிள்ளைகளுக்கும் இதே சட்டம். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று கதவைச் சாத்தாதே. காற்று உள்ளே வர வழியில்லாமல் ஃபேன் சுற்றினால் கீசர் புகையையே கீழே இழுக்கும். யாராவது உள்ளே மயங்கிக் கிடந்தால் முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிடு. கேஸை மூடுவதும் 108-ஐ அழைப்பதும் கூட இருப்பவர் செய்யட்டும். வலிப்பு மாதிரி வந்தாலும் கீசர் ஓடியதை டாக்டரிடம் சொல்ல மறக்காதே, அதைக் கேட்டால்தான் அவருக்குச் சரியான திசை தெரியும்.

எந்த வேலைக்குப் பிறகும் கேஸ் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா பார். தீக்குச்சியைக் கொண்டு போகிறவர் மெக்கானிக் ஆனாலும் தடுத்துவிடு. கேஸ் டியூப் பிஐஎஸ் முத்திரை உள்ளதாக இருக்கட்டும், ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்று. அடுப்பு டியூபை வெட்டி நடுவில் ஒரு டீ போட்டுக் கீசருக்கு இழுப்பதெல்லாம் வேண்டாம். கசிவு என்றால் 1906. பேட்டரியும் கடல் காற்றில் பச்சை பூக்கும், தீ பற்றவில்லை என்றால் காயிலைக் குறை சொல்வதற்கு முன் அதைத் துடைத்துப் பார்.

புதுவைப்பு எல்என்ஜி முனையம் 2013-இல் வந்ததிலிருந்து குழாய் கேஸ் பேச்சு இருந்துகொண்டே இருக்கிறது. உன் தெருவுக்கு வரும் நாளில் இந்தக் கீசரை அப்படியே அதில் மாட்டச் சொல்லாதே. அழுத்தமும் வேறு, கேஸும் வேறு, பர்னரின் ஜெட்டை மாற்ற வேண்டும். மாற்ற முடியாத மாடல்களும் உண்டு.

மெக்கானிக்கை மே மாதக் கடைசிக்குள் கூப்பிட்டுவிடு. ஜூனில் மழை பிடித்துவிட்டால் கழற்றிய காயில் காய வெயில் இருக்காது. கர்க்கடக மாதத்தில் உன் மாமியாருக்குக் குழம்புத் தைலம் தேய்த்துக் குளிக்க வெந்நீர் தினமும் வேண்டியிருக்கும், அப்போது கீசரைக் கழற்றிப்போட வீட்டில் யாரும் விடமாட்டார்கள்.